செம்பில் எழுதிய எண்

பெயர்ப்பலகையைப் பிடித்திருந்த நான்கு ரிவெட் துளைகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. டயலில் 0 முதல் 100 வரை வெறும் பிரிவுகள். மெகாசைக்கிளா, கிலோசைக்கிளா என்ற பேச்சே இல்லை. கையேடு எப்போதோ செல்லரித்துப் போயிருக்கும். சர்க்யூட் படம் ஒட்டியிருந்த இடத்தில், மூடியின் உட்புறத்தில், பழுத்த பசையின் தடம் மட்டும். பட்டாளத்துப் பச்சை பூசிய இப்படியொரு பழைய வானொலிப் பெட்டி கைக்கு வந்தால் முதலில் எழும் கேள்வி, இது எந்த அதிர்வெண்ணில் பேசியது, எந்த அதிர்வெண்ணைக் கேட்டது என்பதுதான்.

விடை தொலைந்த காகிதத்தோடு போய்விட்டது என்று சோர்ந்துவிட வேண்டாம். காகிதத்தில் இருந்தது நகல். மூலப்படி பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது: ஒரு சுருளின் விட்டத்தில், இரண்டு தகடுகளுக்கு நடுவே விட்ட காற்றில், ஒரு படிகச் சில்லின் கனத்தில். வானொலிக் கருவி செய்பவர் தன் அதிர்வெண்ணைச் சுற்றியும் வெட்டியும் தேய்த்தும்தான் எழுதியாக வேண்டும். வேறு வழி அவருக்கு இயற்கை விடவில்லை. அந்தக் கையெழுத்து எத்தனை அழகானது என்பதை மின்சாரம் கொடுக்கும் அவசரத்தில் தவறவிடுகிறோம். மூடியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில், நிதானமாகப் பார்ப்போம் வாருங்கள்.

முதலில் காயில். பீங்கான் உருளைமேல் நான்கே நான்கு சுற்று. தடித்த கம்பி, சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே கம்பியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவே இடைவெளி, மயிரிழை பிசகாமல். மேலே வெள்ளி முலாம். காலப்போக்கில் அந்த வெள்ளி கறுத்து, கறுப்பின் அடியில் ஊதாவும் பழம்பொன்னும் மின்னும் ஒரு மேனி பெற்றிருக்கிறது. அதைத் தேய்த்துப் பளபளப்பாக்க நினைப்பவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை. அழகுக்காகப் பூசியதல்ல அந்த வெள்ளி. அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் நடுப்பகுதியைக் கைவிட்டு மேல்தோலில் மட்டும் ஓடத் தொடங்கும். 100 மெகா ஹெர்ட்ஸில் செம்புக் கம்பியில் அது இறங்கும் ஆழம் 7 மைக்ரான்கூட இல்லை. அப்படியானால் நல்ல கடத்தி தேவைப்படுவது தோலுக்கு மட்டும்தான். அந்தத் தோலை வெள்ளியில் நெய்திருக்கிறார்கள். சுற்றும் குறைவு, வெள்ளியும் உண்டு, பீங்கானும் உண்டு என்றால் நாம் பல பத்து மெகா ஹெர்ட்ஸ் உயரத்தில் நிற்கிறோம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

அதே பெட்டியின் இன்னொரு மூலையில் வேறொரு காயில் இருக்கும், முற்றிலும் வேறு குணத்தோடு. பட்டு நூல் போர்த்திய கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, தேன்கூட்டுக் கண்கள் தெரியும்படி ஒரு தடித்த வளையமாகச் சுற்றியிருப்பார்கள். கம்பியின் முனையைப் பிரித்தால் அது ஒரு கம்பியே இல்லை. தனித்தனியாக எனாமல் பூசிய பல மெல்லிய இழைகளை முறுக்கிச் சேர்த்தது. இதுவும் அதே தோல் சிக்கலுக்குச் சொன்ன பதில்தான். தோலில்தான் ஓடுவேன் என்று மின்னோட்டம் அடம்பிடித்தால், ஒரு தோலுக்குப் பதில் பல தோல்களைக் கொடுத்துவிடுவது. இந்தத் தந்திரம் ஒன்றிரண்டு மெகா ஹெர்ட்ஸ் வரைதான் பலிக்கும். அதற்கு மேலே இழைகளுக்கு இடையிலான மின்தேக்கமே கெடுத்துவிடும். குறுக்கு நெசவோ சுற்றுகளுக்கு இடையிலான மின்தேக்கத்தைக் குறைக்கத்தான். இழைக் கம்பியும் பட்டும் நெசவும் ஒருசேரத் தென்பட்டால் நீண்ட அலை, மத்திய அலை, அல்லது, வரும் அலையை நிலையான ஓர் இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிக் கேட்கும் சூப்பர்ஹெட் பெட்டியின் அந்த இடைநிலை. வட்டாரம் தெரிந்துவிட்டது, தெருவும் கதவிலக்கமும் இனிமேல்.

காயிலின் நடுவே இறங்கும் திருகையும் விட்டுவிடக் கூடாது. இரும்புத்தூளை அழுத்திச் செய்த கரிய திருகானால் உள்ளே இறங்க இறங்க அதிர்வெண் தாழும். பித்தளைத் திருகானால் இறங்க இறங்க ஏறும். பழைய ரேடியோ பழுதுபார்ப்பவர்களிடம் இந்த இரண்டையும் ஒரே குச்சியில் சேர்த்த ஒரு கருவி இருந்தது: ஒரு முனையில் இரும்புத்தூள், மறுமுனையில் பித்தளை, நடுவே மின்கடத்தாத தண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் காயிலுக்குள் இரும்பு முனையை நுழைத்து ஓசை கூடினால், காயில் இன்னும் தாழ வேண்டும். பித்தளைக்குக் கூடினால், ஏற வேண்டும். எந்த முனையை நுழைத்தாலும் ஓசை குறைந்தால், அந்தக் காயில் தன் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எதையும் திருகாமல், எதையும் மாற்றாமல், கேட்டு மட்டும் விட்டு வெளியே வந்துவிடும் அந்தக் குச்சியின் நாகரிகம் எனக்கு மிகவும் பிடித்தமானது.

அடுத்து கேங். டயலைத் திருகும்போது விசிறியாக விரிந்து மூடும் அலுமினியத் தகடுகளின் அடுக்கு. தகட்டின் உருவத்தைக் கவனியுங்கள். சரியான அரைவட்டமாக இருந்தால், திருகும் கோணத்துக்கு ஏற்பச் சீராக மின்தேக்கம் கூடும். ஆனால் நிலையங்கள் டயலின் ஒரு கோடியில் போய் நெரிசலாக நிற்கும். அதைப் பொறுக்காத வடிவமைப்பாளர்கள் தகட்டின் விளிம்பைச் செதுக்கத் தொடங்கினார்கள். அச்சை நடுவிலிருந்து ஒதுக்கி, ஒரு பக்கம் நீள, மறுபக்கம் குறுக, பிறைக்கும் சிறகுக்கும் இடைப்பட்ட ஒரு வளைவு. அப்படி வளைத்த தகடு சுழலும்போது மாறுவது மின்தேக்கத்தின் வர்க்கமூலக் கணக்கு. அதனால் அதிர்வெண் டயலில் சம இடைவெளியில் வரிசையாக வந்து நிற்கும். ஒரு கணிதச் சமன்பாட்டை அலுமினியத்தின் ஓரத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வரம்பையும் இந்த அடுக்கே சொல்லும்: அதிர்வெண்ணை மும்மடங்காக்க மின்தேக்கம் ஒன்பதில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். பெருந்தகடுகள் நிறைந்த கேங் பரந்த வரம்பைத் தேடியது. மூன்று நான்கு சிறு தகடுகளோடு நின்றுவிட்ட கேங், குறுகிய ஓர் அலைவரிசைக்குள் மட்டும் நடமாடியது.

கேங்கின் இரண்டு பகுதிகளும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் முகம் மலரலாம். 540 முதல் 1600 கிலோ ஹெர்ட்ஸ் வரை கேட்கும் ஒரு சாதாரணப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஏரியல் பக்கத்துக் காயில் ஏறத்தாழ மூன்று மடங்கு வரம்பை ஓட வேண்டும். உள்ளே இருக்கும் ஆசிலேட்டர் எப்போதும் 455 கிலோ ஹெர்ட்ஸ் மேலே இருந்துகொண்டு கூடவே வர வேண்டும்; அது ஓடுவது 995 முதல் 2055 வரை, இரண்டு மடங்குக்குச் சற்றே அதிகம். ஒரே அச்சில் சுழலும் இருவரில் ஒருவருக்கு நீண்ட ஓட்டம், மற்றவருக்குக் குறுகிய ஓட்டம். அதனால் மற்றவரின் தகடுகள் சிறுத்தன. பெட்டி சூப்பர்ஹெட் என்பதையும், ஆசிலேட்டர் மேலே ஓடியது என்பதையும், கணக்குப் போடும் பொறுமை இருந்தால் இடைநிலை அதிர்வெண் ஏறத்தாழ எவ்வளவு என்பதையும் இந்தச் சிறுத்த தகடுகளே தெரிவித்துவிடுகின்றன. கடைசித் தகட்டில் மையத்தை நோக்கி வெட்டிய கீறல்கள் இருக்கும். அலைவரிசை நெடுகிலும் இரண்டு ஓட்டமும் பிசகாமல் இணைந்து வர, தொழிற்சாலையில் ஒருவர் ஒவ்வொரு இதழையும் விரலால் சற்றே உள்ளே, சற்றே வெளியே வளைத்திருக்கிறார். அந்த வளைவுகளைத் தடவிப் பார்க்கலாம், அழுத்திவிடாதீர்கள்.

எல்லாவற்றையும்விட என் மனம் அதிகம் பறிபோவது கிரிஸ்டலில்தான். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் பரவலாகப் பயன்படுத்திய எஃப்.டி-243 என்ற கூட்டைப் பாருங்கள். மூன்று சென்டிமீட்டருக்கும் குறைந்த உயரம், கறுப்பு பேக்கலைட், கீழே இரண்டு பின்கள், மேலே மூன்று திருகுகள் பிடித்த உலோகப் பலகை. திருகுகளைக் கழற்றினால் ஒரு ரப்பர் சட்டம், ஒரு சிறு சுருள்வில், இரண்டு எஃகுத் தகடுகள், அவற்றுக்கு நடுவே சதுரமாக அறுத்த ஒரு குவார்ட்ஸ் சில்லு. எஃகுத் தகடுகளின் நான்கு மூலைகள் மட்டும் துளியளவு மேடாக இருப்பதைக் கவனியுங்கள். சில்லை அந்த நான்கு மூலைகளில் மட்டும் பிடித்துக்கொண்டு, நடுப்பகுதியைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். நொடிக்குப் பல லட்சம் முறை அது அசைவதற்கு வேண்டிய காற்று அந்த மேட்டின் உயரம்தான்.

பிரேசில் நிலத்திலிருந்து வந்த கல் அது. எந்தத் திசையில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்து அதன் இயல்பு மாறும். ஏ.டி. அறுப்பில், மில்லிமீட்டரில் கனத்தை எடுத்துக்கொண்டு 1.66ஐ அதனால் வகுத்தால் மெகா ஹெர்ட்ஸ் வந்துவிடும், பி.டி. அறுப்பில் 1.66க்குப் பதில் ஏறத்தாழ 2.5. ஆக, 0.35 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரே தோற்றச் சில்லு ஒரு அறுப்பில் 4.7 மெகா ஹெர்ட்ஸ் பாடும், மறு அறுப்பில் 7.1 பாடும். கண்ணால் பிரிக்க முடியாது. மைக்ரோமீட்டர் வைத்து அளந்துவிட்டேன் என்று பெருமை கொள்பவரை அந்தச் சில்லு அமைதியாகத் தோற்கடித்துவிடும். நல்ல பொருள்களுக்கு இந்தச் சிறு செருக்கு அழகு.

போர்க்காலத்தில் இந்தச் சில்லுகளைத் தேய்த்து அனுப்பியவர்கள் ஒரு வினோதத்தைக் கண்டார்கள். தொழிற்சாலையில் சரியாக இருந்த கிரிஸ்டல், கிடங்கில் சில காலம் இருந்தபின் அதிர்வெண் விலகிக் கிடந்தது. சில அசையவே மறுத்தன. தேய்ப்புப் பொடி கல்லின் மேற்பரப்பில் விட்ட கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்புகளே காரணம். ஈரம் பட்டதும் அந்தச் சிராய்த்த அடுக்கு குணம் மாறியது. கடைசித் தேய்ப்பைப் பொடியால் செய்யாமல் அமிலக் கரைசலில் அரித்து முடிப்பதென்று வழி கண்டார்கள். அப்படி முடித்த சில்லின் மேற்பரப்பில் வெளிச்சம் மங்கலாகவும் சீராகவும் பரவும். அமெச்சூர் வானொலிக்காரர்கள் பிற்காலத்தில் இதையே வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்: கண்ணாடிப் பலகையில் பொடி தூவிச் சில்லைத் தேய்த்து அதிர்வெண்ணை ஏற்றுவது, அளவுக்கு மீறிப் போய்விட்டால் மென்மையான பென்சிலால் நடுவில் லேசாகக் கோடிட்டு இறக்குவது. பென்சில் கரியின் எடை அந்தக் கல்லுக்குச் சுமை. அத்தனை நுட்பமான செவி அதற்கு.

கூட்டின்மேல் எண் பொறித்திருக்கிறதே, பிறகு என்ன ஆராய்ச்சி என்று கேட்கலாம். இங்கேதான் சுவை கூடுகிறது. பொறித்த எண் பெட்டி பேசிய எண்ணாக இருக்க வேண்டியதில்லை. எஸ்.சி.ஆர்-522 என்ற விமான வானொலி 100 முதல் 156 மெகா ஹெர்ட்ஸ் வரை பேசியது. அவ்வளவு உயரத்துக்கு நேரடியாக அசையும் சில்லை அன்று தேய்க்க முடியாது. தேய்த்தால் காகிதத்தைவிட மெலிந்து நொறுங்கும். ஆகவே 5.5 முதல் 8.7 மெகா ஹெர்ட்ஸுக்குள் ஒரு சில்லை வைத்து, படிப்படியாகப் பெருக்கி, 18 மடங்காக்கினார்கள். 6750 என்று பொறித்த ஒரு கிரிஸ்டலை அந்தப் பெட்டியில் செருகினால் ஏரியலில் வருவது 121.5 மெகா ஹெர்ட்ஸ். இன்று உலகெங்கும் விமானங்கள் ஆபத்தில் கூவி அழைக்கும் அதிர்வெண் அது. பெருக்கும் வரிசையைக் கண்ணாலும் தொடரலாம்: ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குப் போகப் போகக் காயில்கள் சிறுத்துக்கொண்டே வரும், சுற்றுகள் உதிர்ந்துகொண்டே வரும்.

டாங்கிகளுக்குள் இருந்த எஸ்.சி.ஆர்-508இன் கதை நேர்மாறு. அதன் எஃப்.டி-241 கூட்டின்மேல் 27.9 மெகாசைக்கிள் என்று இருக்கும். ஏரியலில் வருவதும் அதுவே. ஆனால் உள்ளே வெள்ளி பூசி, மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்ட சில்லு அசைவதோ 516.667 கிலோ ஹெர்ட்ஸில். அதை 54ஆல் பெருக்கிப் பாருங்கள். 20.0 முதல் 27.9 வரை எண்பது அலைவரிசைகள், எண்பது சில்லுகள், எல்லாவற்றுக்கும் அதே 54. போர்வீரனுக்குத் தேவையான எண்ணை வெளியே பொறித்து, கல்லுக்குத் தேவையான எண்ணைக் கல்லிடமே விட்டுவிட்ட இங்கிதம்!

கையில் பிடித்துப் பேசும் பி.சி-611இல் இரண்டு கிரிஸ்டல்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும். ஒன்றில் 3885, மற்றதில் 4340. கழித்தால் 455. அந்த வித்தியாசம் ஒன்றே போதும்: சிறியது பேசும் எண், பெரியது கேட்பதற்கான ஆசிலேட்டர், 455 கிலோ ஹெர்ட்ஸ் இடைநிலை. சர்க்யூட் படம் எதற்கு? அதன் ஏரியலை மட்டும் நம்பாதீர்கள். இழுத்தால் பெட்டி விழித்துக்கொள்ளும், உள்ளே தள்ளினால் உறங்கிவிடும். நீளமோ ஒரு மீட்டர் அளவுதான். கால் அலை ஏரியல் என்று எண்ணிக் கணக்குப் போட்டால் 75 மெகா ஹெர்ட்ஸ் என்று வரும். நான்கு மெகா ஹெர்ட்ஸுக்கு நியாயமான கால் அலை ஏறத்தாழ 19 மீட்டர். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பதுங்கு குழிக்குள் யார் ஓடுவது? விட்ட நீளத்தை ஒரு காயில் உள்ளே ஈடுகட்டுகிறது.

வால்வுகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், அவை தம்மைத் தாமே சொல்லிக்கொள்பவை. பேக்கலைட் அடித்தளமும் எட்டுப் பின்களும் உள்ள வால்வு தாழ்ந்த உயரங்களில் வாழ்வது. அடித்தளமே இல்லாமல், சிறு கண்ணாடிக் குமிழின் இடுப்பைச் சுற்றி நாலாபுறமும் பின்கள் நீட்டியிருக்கும் 955 போன்ற ஏகார்ன் வால்வு தென்பட்டால் சில நூறு மெகா ஹெர்ட்ஸ். கம்பியே வேண்டாமென்று உலோகத் தட்டுகளை அடுக்கடுக்காகக் கண்ணாடியில் பதித்த லைட்ஹவுஸ் வால்வு என்றால் அதற்கும் மேலே, ஆயிரம் மெகா ஹெர்ட்ஸ் தாண்டி. உயரம் கூடக் கூடக் கம்பிகள் குறைவதுதான் இதன் இலக்கணம்.

பார்த்துச் சொன்னதைக் கேட்டு உறுதி செய்ய ஓர் இனிய கருவி உண்டு: கிரிட் டிப் மீட்டர். ஒரு கையில் அடங்கும் ஆசிலேட்டர், வெளியே நீட்டிய ஒரு காயில், ஒரு முள். உறங்கும் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம். மீட்டரின் காயிலைப் பெட்டியின் காயிலுக்கு அருகே கொண்டுபோய் டயலை மெல்லத் திருக வேண்டும். முள் அசையாமல் நிற்கும், நிற்கும், நின்றுகொண்டே இருக்கும். திடீரென்று ஓரிடத்தில் தலைகுனிந்து எழும். அந்த அதிர்வெண்ணில் உறங்கும் காயில் ஆசிலேட்டரின் ஆற்றலைக் குடித்துவிட்டது. ஒரு தம்புராவை மீட்ட, சுருதி சேர்ந்த இன்னொரு தம்புராவின் தந்தி தொடாமலே அதிர்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தலைகுனிவு புதிதாக இராது. இதில் கைப்பக்குவம் ஒன்றுண்டு. மிக அருகே பிடித்தால் முள் ஆழமாக விழும். ஆனால் இரண்டு காயில்களும் ஒன்றையொன்று இழுத்துத் தம் சுருதியை நழுவவிடும். முள் குனிவது கண்ணுக்குத் தெரியும் கடைசி எல்லை வரை விலகி நின்று வாசிக்கும் எண்ணே மெய்யானது. தேர்ந்தவர் கையில் அந்தக் குனிவு ஒரு நடுக்கம் அளவே இருக்கும்.

பெட்டி உயிரோடு இருந்து, அலையும் குறுகியதாக இருந்தால், இன்னும் எளிய ஒரு வழி இருக்கிறது. ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் லெக்கர் 1888 வாக்கில் வகுத்தது. இணையாகக் கட்டிய இரண்டு கம்பிகள், அவற்றின்மேல் நகரும் ஒரு குறுக்குச் சட்டம். சட்டத்தை நகர்த்திக்கொண்டே போனால் சில இடங்களில் மட்டும் அலை எதிரொலித்து நிலைகொள்ளும். அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம் அரை அலை. ஒரு மீட்டர் என்றால் 150 மெகா ஹெர்ட்ஸ். நொடிக்குப் பதினைந்து கோடி முறை துடிப்பதை ஒரு மரச் சட்ட அளவுகோலால் அளந்துவிடலாம் என்பதில் நான் இன்னமும் வியப்பு நீங்காதவன்.

அலை சென்டிமீட்டர்களுக்குள் இறங்கிவிட்டால் கருவியின் உருவமே அதிர்வெண் ஆகிவிடுகிறது. பிரித்துப் பார்க்கக் காயிலும் இல்லை, கேங்கும் இல்லை. உட்புறம் 22.86க்கு 10.16 மில்லிமீட்டர் உள்ள ஒரு செவ்வகப் பித்தளைக் குழாய் குப்பையில் கிடந்தால், அது 8.2 முதல் 12.4 கிகா ஹெர்ட்ஸ் வரை அலை கடத்திய குழாய். அகலத்தின் இருமடங்கைவிட நீண்ட அலை அதற்குள் நுழையவே நுழையாது. வெர்னியர் அளவியின் இரண்டு தாடைகளுக்குள் விடை முழுவதும் அடக்கம்.

பர்மிங்காமில் 1940 பிப்ரவரியில் இயற்பியலாளர்கள் ராண்டலும் பூட்டும் இயக்கிய, சென்டிமீட்டர் அலை எழுப்பும் மேக்னட்ரான் குழலும் இந்தக் குலம்தான்: ஒரு செம்புக் கட்டி, நடுவில் ஒரு துளை, சுற்றிலும் ஆறு துளைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவை நோக்கி ஒரு குறுகிய பிளவு. துளைகளின் அளவும் பிளவின் இடைவெளியும் சேர்ந்து 9.8 சென்டிமீட்டர் அலையைத் தீர்மானித்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டனின் டிசர்ட் குழு ஒரு மேக்னட்ரானை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றது. பெல் ஆய்வகத்தார் அதை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், வரைபடத்தில் ஆறு துளைகள், உள்ளே எட்டு! பதறிப்போய் இங்கிலாந்துக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். செய்த பன்னிரண்டில் பத்துக்கு ஆறு துளை, ஒன்றுக்கு ஏழு, பன்னிரண்டாவதற்கு எட்டு என்று அவற்றைச் செய்த மெகா என்ற பொறியாளர் நினைவுகூர்ந்தார். கொண்டுபோனது பன்னிரண்டாவது. ஆவணம் ஒன்று சொல்ல, செம்பு வேறொன்று சொன்னது. செம்பின் பேச்சே எடுபட்டது.

1943 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு ராட்டர்டாம் அருகே வீழ்ந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தில் இதன் தம்பி ஒன்று ஜெர்மானியர் கையில் சிக்கியது. கையேடு கிடையாது, சொல்வார் கிடையாது. இருந்தும் அந்தச் செம்புக் கட்டி 9 சென்டிமீட்டர் அலைக்கானது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். அந்த அலையைக் கேட்கும் நக்ஸோஸ் என்ற கருவியும் பின்னாலேயே பிறந்தது. பகைவனிடமும் மறைக்க முடியாத வெளிப்படைத்தன்மை வடிவத்துக்கு உண்டு.

இவர்களுக்கெல்லாம் முன்பே, 1895 வாக்கில், கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைகளை எழுப்பினார். அவருடைய கருவிகளில் பொறி பறக்கும் உலோகக் குண்டுகளின் அளவே அலையின் அளவைத் தீர்மானித்தது. வளைந்த கம்பிச் சட்டம் ஒன்றில் அலையைச் சிதறவிட்டு அதன் நீளத்தை அளந்தார். 

இத்தனை வெளிப்படையான குலத்தில் பிடிகொடுக்காத ஒரு குழந்தையும் பிறந்திருக்கிறது. 1945 ஆகஸ்ட் 4 அன்று மாஸ்கோவில் சோவியத் பிள்ளைகள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய கழுகு முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். 1952 வரை அது தூதரின் இல்லத்துச் சுவரில் தொங்கியது. கழுகின் அலகுக்குப் பின்னே, மின்கலம் இல்லாமல், வால்வு இல்லாமல், 31 கிராம் எடையில் ஓர் ஒட்டுக்கேட்கும் கருவி. செய்தவர், தொடாமல் வாசிக்கும் இசைக்கருவிக்குத் தம் பெயரைத் தந்த லெவ் தெரமின். வெளியிலிருந்து ஒரு வானொலி அலையை அனுப்பினால் மட்டும் அது உயிர்பெற்று, அறையின் பேச்சை அந்த அலையில் ஏற்றித் திருப்பி அனுப்பும். செம்பில் செய்து வெள்ளி பூசிய சிறு உருளை. உள் விட்டம் 19.7 மில்லிமீட்டர், நீளம் 17.5. முகப்பில் 75 மைக்ரான் சவ்வு. அதன் பின்னே காளான் வடிவில் ஒரு தண்டு. தண்டின் முகத்தில் வட்டமாகவும் ஆரமாகவும் கீறிய பள்ளங்கள். சவ்வு அசையும்போது இடையில் சிக்கும் காற்று தப்பி ஓடவே அந்தப் பள்ளங்கள் என்று கருதுகிறார்கள். பேச்சின் மென்மையான அசைவைக் காற்று அமுக்கிவிடக் கூடாதே என்ற கரிசனம்! இதைச் செய்த கை ஒற்றனுக்காக வேலை செய்தது என்பதை அந்தப் பள்ளங்களைப் பார்க்கும் நேரத்திலாவது மறந்துவிடுகிறேன்.

இதன் அதிர்வெண் என்ன? உருளையிலிருந்து நீளும் கம்பி 22.8 சென்டிமீட்டர். கால் அலை என்றால் 330 மெகா ஹெர்ட்ஸுக்கு அச்சாகப் பொருந்துகிறது; பலரும் சொல்லும் எண் இதுவே. அதே கம்பியை அரை அலையாகக் கொண்டால் 660ஐ ஒட்டி, முழு அலையாகக் கொண்டால் 1300ஐ ஒட்டி. இதை ஆராய்ந்த பிரிட்டிஷ் அறிவியலர் பீட்டர் ரைட், 800இல் இயக்கியதாகத் தம் 1987ஆம் ஆண்டு நூலில் எழுதினார். உருளையின் தூண்டல் ஏறத்தாழ 10 நானோஹென்றி என்கிறார்கள். அது 330இல் ஒத்திசைய 23 பிக்கோஃபாரட் மின்தேக்கம் வேண்டும், 800இல் ஒத்திசைய 4 போதும். சவ்வுக்கும் காளானுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஆறு மடங்காக்கினால் ஒன்று மற்றதாகிவிடும். அந்த இடைவெளியோ நிலையானதல்ல. காளானின் தலையை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்யும்படி தெரமின் அமைத்திருந்தார். அத்தனை மெல்லிய சவ்வோ கைபட்டாலே குழிந்துவிடும். செய்தவர் கடைசியாக வைத்த இடத்தை இனி எந்த அளவியும் அறுதியிட்டுத் தராது.

நான் 330இன் கட்சி. அந்தக் கம்பியைத் தேவையில்லாமல் ஒரு மில்லிமீட்டர்கூட நீளமாக வெட்டக்கூடிய ஆளாகத் தெரமின் எனக்குத் தோன்றவில்லை. முழு அலைக் கட்சிக்காரர் வந்து, உருளை இவ்வளவு சிறிதாக இருக்கிறதே, ஆயிரத்துக்கு மேலே போகாமல் இருக்குமா என்று வாதாடினால் மறுக்கத் திடமான சான்று என் கையில் இல்லை. காளான் முகத்துப் பள்ளங்களை அவரும் நன்றாகப் பார்த்திருக்கிறாரா என்று மட்டும் கேட்பேன்.